பிள்ளையை இரண்டு முறை தொலைத்த பெற்றோரும், இரண்டு முறை டிக்கெட் வாங்கிய ஜனங்களும்

1990 கிறிஸ்துமஸுக்கு சிகாகோ பக்கத்துக் குடும்பம் ஒன்று எட்டு வயசுப் பையனை வீட்டிலேயே மறந்துவிட்டு பாரிஸுக்கு விமானம் ஏறியது. 1992 கிறிஸ்துமஸுக்கு அதே குடும்பம் அதே பையனை விமான நிலையம் வரை பத்திரமாகக் கூட்டிவந்து, அங்கே தொலைத்தது. முன்னேற்றம்தான், மறுக்க முடியாது. குடும்பம் மயாமியில் இறங்கியது, பையன் நியூயார்க்கில் இறங்கினான். இந்த இரண்டாவது அலட்சியத்துக்குப் பெயர் ‘ஹோம் அலோன் 2: லாஸ்ட் இன் நியூயார்க்’. அதைப் பார்த்த ஜனங்கள் வாயால் என்ன சொன்னார்கள், பர்ஸால் என்ன சொன்னார்கள், இரண்டுக்கும் ஏன் பொருந்தவே இல்லை என்பதுதான் கீழே வரும் வரலாறு.

முதல் பாகம் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் இது விளங்கும். ஜான் ஹியூஸ் என்ற எழுத்தாளர் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது, மறக்கக் கூடாத சாமான்களுக்குப் பட்டியல் போட்டாராம். பிள்ளைகளை மறந்து தொலைக்கப் போகிறோமே என்று நடுவில் ஒரு யோசனை வந்ததாம். வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் தலைகளை ஒருமுறை எண்ணிவிட்டு வண்டியில் ஏறியிருப்பார். ஹியூஸ் உட்கார்ந்து திரைக்கதை எழுதினார்.

இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் வந்து சேர்ந்தது இன்னொரு தனிக்கதை. அவர் முதலில் இயக்கவிருந்தது ‘கிறிஸ்துமஸ் வெக்கேஷன்’ என்ற வேறொரு பண்டிகைப் படம். அதன் நாயகன் செவி சேஸுக்கும் இவருக்கும் ஒத்துவரவில்லை. கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். அந்தப் படத்தையும் எழுதியவர் ஹியூஸ்தான். போனால் போகட்டும் என்று தன்னிடமிருந்த இன்னொரு கிறிஸ்துமஸ் கதையை நீட்டினார்.

தயாரிக்க முன்வந்தது வார்னர் பிரதர்ஸ். செலவுக் கணக்கு கொஞ்சம் ஏறியதும் அவர்களுக்கு வியர்த்தது, படத்தை நிறுத்திவிட்டார்கள். ஓரமாகக் காத்திருந்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் அள்ளிக்கொண்டது. மொத்தச் செலவு சுமார் 1.8 கோடி டாலர். உலக வசூல் 47 கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவில் தொடர்ந்து பன்னிரண்டு வாரம் வசூலில் முதலிடம். கிறிஸ்துமஸ் மரத்தைக் குப்பையில் போட்டு, புத்தாண்டுத் தீர்மானங்களையும் அதே குப்பையில் போட்டு, ஈஸ்டரும் வந்துபோன பிறகும் அந்தப் பையன் கெவின் மகாலிஸ்டர் தியேட்டரில் தனியாக இருந்தான். வார்னர் அலுவலகத்தில் அந்தப் பன்னிரண்டு வாரமும் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

இப்படிக் காசு கொட்டினால் எந்த ஸ்டுடியோவும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கும்: அந்தப் பையனை மறுபடி எப்போது தொலைக்கலாம்?

பையனுக்கும் விஷயம் புரிந்திருந்தது. அல்லது பையனுக்கு மேனேஜராக இருந்த அப்பாவுக்குப் புரிந்திருந்தது. கெவினாக நடித்த மக்காலே கல்கின் முதல் படத்துக்கு வாங்கியது ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் என்பார்கள். இரண்டாம் படத்துக்கு 45 லட்சம் டாலர், மேற்கொண்டு வசூலிலும் பங்கு என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது அவனுக்குப் பதினோரு வயது. அந்த வயதில் மற்ற பிள்ளைகள் பின்னக் கணக்கில் தடுமாறிக்கொண்டிருக்க, இவன் சதவீதத்தில் தேறிவிட்டான்.

தனியாக இருக்கும் கெவினிடம் மாட்டி அடிபடும் இரண்டு திருடர்களில் ஒருவன் ஹாரி. ஹாரியாக வந்த ஜோ பெஷி இடைப்பட்ட காலத்தில், 1991 மார்ச்சில், ‘குட்ஃபெல்லாஸ்’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கியிருந்தார். ஆஸ்கர் வாங்கியவர் அடுத்து ஷேக்ஸ்பியர் பக்கம் போவார் என்று யாராவது நினைத்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். மறுபடி தலையில் தீ வைத்துக்கொள்ள வந்தார். அந்தக் காட்சியில் உண்மையிலேயே தலையில் சுட்டுக்கொண்டதாக முப்பது வருஷம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னார். பூங்காவில் புறாக்களோடு திரியும் புறாக்காரம்மாவாக வந்த அயர்லாந்து நடிகை பிரெண்டா ஃப்ரிக்கரும் ‘மை லெஃப்ட் ஃபுட்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர்தான். ஆக, ஒரே படத்தில் இரண்டு ஆஸ்கர்காரர்கள். ஒருவர் தலையில் தீ, இன்னொருவர் தலையில் புறா.

கதைக்காக ஹியூஸ் ரொம்பச் சிரமப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் படத்தில் மின்சாரம் போய் அலாரம் அடிக்காமல் குடும்பமே தூங்கிவிட்டது. இரண்டாவதில் அப்பா வீடியோ கேமராவுக்கு சார்ஜ் போடக் கடிகாரத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட, குடும்பமே தூங்கிவிட்டது. முதல் படத்தில் பையன் பார்த்துப் பயப்படும் பக்கத்து வீட்டுக் கிழவர் கடைசியில் நல்லவர். இரண்டாவதில் பையன் பார்த்துப் பயப்படும் பூங்காப் பெண்மணி கடைசியில் நல்லவர். முதல் படத்தில் தொலைக்காட்சியில் ஓடும் பழைய தாதா படத்தின் வசனத்தை வைத்து பீட்சாக்காரனை விரட்டினான். இரண்டாவதில் அதே தாதா படத்தின் இரண்டாம் பாகத்தை வைத்து ஹோட்டல்காரர்களைத் தரையில் தவழவிட்டான். படத்துக்குள் காட்டும் படத்துக்கே இரண்டாம் பாகம் எடுத்த பெருமை இவர்களையே சேரும். இந்தத் தாதா படங்கள் இரண்டும் இவர்களே ஜோடித்தவை. நிஜத்தில் அப்படிப் படமே கிடையாது. அது தெரியாமல் வீடியோ கடைகளில் தேடிய புண்ணியவான்களும் உண்டு.

திருடர்களும் அதே ஜோடி. ஜெயிலிலிருந்து தப்பி, மீன் லாரியில் ஏறி நியூயார்க் வந்து சேருகிறார்கள். எண்பது லட்சம் பேர் வசிக்கிற, பட்டப்பகலிலேயே கூட்டம் நெரிகிற அந்த ஊரில், இறங்கிய கொஞ்ச நேரத்தில் கெவினையே நேருக்கு நேர் பார்க்கிறார்கள். பெற்ற தாய்க்கு அதற்கு ஒன்றரை மணி நேரப் படம் தேவைப்பட்டது.

1992 நவம்பர் 20-ம் தேதி படம் வெளியானது. விமர்சகர்கள் பேனாவைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். தீர்ப்பு ஏறக்குறைய ஏகமனதானது: இது அதே படம். சிகாகோவின் புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தார். கார்ட்டூனில் அடிதடி சிரிப்பு மூட்டும், ரத்தமும் சதையுமான மனுஷன் கீழே விழுந்தால் எலும்பு நொறுங்கும் சத்தம்தான் நம் காதில் விழுகிறது என்பது அவர் கட்சி.

எலும்பு விஷயத்தில் அவர் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கெவின் மொட்டை மாடியிலிருந்து செங்கல் எறிகிறான். ஒன்றல்ல, நான்கு. நான்கும் மார்வ் என்ற ஒரே திருடனின் முகத்தில், ஒரே இடத்தில் விழுகின்றன. பக்கத்தில் நிற்கும் ஹாரிக்கு ஒரு சில்லுகூடப் படவில்லை. மார்வ் கொஞ்சம் தள்ளாடுகிறான், பேச்சு கொஞ்சம் குழறுகிறது, பிறகு வீட்டுக்குள் நுழையப் புறப்படுகிறான். இந்தப் படங்களின் காயங்களைப் பிற்காலத்தில் நிஜ மருத்துவர்கள் உட்கார்ந்து ஆராய்ந்து பத்திரிகைகளுக்கும் சொன்னார்கள். அவர்கள் கணக்குப்படி திருடர்கள் பலமுறை செத்திருக்க வேண்டும். குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம் என்று சான்றிதழ் வாங்கிய கொலை முயற்சிகளின் தொகுப்பு இது என்று சொன்னால், சட்டப்படி மறுப்பது கடினம்.

பெரியவர்களில் பலரும் தியேட்டரை விட்டு வெளியே வரும்போது விமர்சகர்கள் சொன்னதையேதான் சொன்னார்கள். ‘அதே படம்தானே’ என்றார்கள். சரி. ஆனால் இப்படிச் சொல்லும் மனிதர் முதல் படத்தைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். முதல் படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாவதும் அதுவேதான் என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பிய பிறகு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர் அவர். முதல் வார இறுதியில் மட்டும் 3.1 கோடி டாலர். முதல் பாகத்தின் முதல் வார இறுதி வசூல் 1.7 கோடிதான். அமெரிக்காவில் மட்டும் 17 கோடி டாலருக்கு மேல்; உலகம் முழுக்கச் சுமார் 36 கோடி. அந்த வருஷத்து அமெரிக்க வெளியீடுகளில் ‘அலாதீன்’ மட்டுமே இதைவிட அதிகம் சம்பாதித்தது. ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’கூடப் பின்னால்தான். கறுப்பு முகமூடியும் கோடிக்கணக்கில் ஆயுதங்களும் வைத்திருந்தவரை, ஒரு வாளி வார்னிஷும் நான்கு செங்கலும் வைத்திருந்த பையன் தோற்கடித்தான்.

இதை வைத்து ஜனங்கள் முட்டாள்கள் என்று முடிவு கட்டுவது விமர்சகர்களின் குலத்தொழில். எனக்கு அதில் சம்மதமில்லை. ‘அதே படம்தானே’ என்பதை விமர்சகர் குற்றச்சாட்டாக எழுதினார். ஜனங்கள் உத்தரவாதமாக வாசித்தார்கள். கிறிஸ்துமஸே வருஷா வருஷம் வெளியாகும் இரண்டாம் பாகம்தான். அதே மரம் பரணிலிருந்து இறங்குகிறது. அதே பாட்டு கடைக்குக் கடை ஒலிக்கிறது. யாருக்கும் பிடிக்காத அதே ஃப்ரூட் கேக்கை அதே அத்தை கொண்டுவருகிறார். ‘இந்த வருஷம் சாண்டாவின் கதாபாத்திர வளர்ச்சி போதாது’ என்று எந்தக் குழந்தையும் புகார் செய்வதில்லை. அப்படிப்பட்ட பண்டிகைக்குப் படம் எடுப்பவனிடம் புதுமை கேட்பது அநியாயம். ஹியூஸ் சோம்பேறித்தனமாக எழுதினாரா, சூட்சுமம் தெரிந்து எழுதினாரா என்று தனியாக விவாதிக்கலாம். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான்.

பிள்ளைகளின் கருத்து இன்னும் தெளிவானது. அவர்கள் அதைக் கடிதமாகவே எழுதி அனுப்பினார்கள். படத்தில் கெவின் கையில் ‘டாக்பாய்’ என்று ஒரு குட்டி டேப் ரெக்கார்டர் இருக்கும். பேசியதைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் பையன் குரல் பெரிய மனுஷன் குரலாகிவிடும். அதை வைத்துத்தான் அப்பா பேசுவதுபோல் பேசி ஹோட்டலில் அறை போடுகிறான். டைகர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதை நிஜமாகவே பொம்மையாக்கி விற்பனைக்கு விட்டது, ஆனால் குரல் மாற்றும் வசதி இல்லாமல். அதாவது, பெரிய மனுஷனாக மோசடி செய்யும் ஒரே பயனை எடுத்துவிட்டு மிச்சத்தை விற்றார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் வெகுண்டு எழுந்து கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். நிறுவனம் பணிந்தது. 1993-ல் குரல் மாற்றும் டாக்பாய் கடைக்கு வந்தது. இந்தப் படத்தால் அமெரிக்காவில் நடந்த ஒரே மக்கள் எழுச்சி இதுதான், அதுவும் ஜெயித்தது. அந்த வருஷம் எத்தனை பள்ளிக்கூடங்களுக்கு, கரகரத்த குரலில் ‘என் பையனுக்கு இன்று காய்ச்சல்’ என்று போன் போனதோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இனி ஹோட்டல் விவகாரம். கெவின் அப்பாவின் கிரெடிட் கார்டைத் தேய்த்துத் தங்கிய இடம் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டல். நிஜ ஹோட்டல், நிஜ முதலாளி. அந்த முதலாளி 1988-ல் அதை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார். பெயர் டொனால்ட் டிரம்ப். படத்தில் அவருக்கும் ஒரு காட்சி உண்டு. வரவேற்பறை எங்கே என்று கெவின் வழி கேட்கிறான், அவர் கைகாட்டுகிறார். சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இந்தச் சில விநாடிகளுக்குப் பின்னால் ஒரு மகாபாரதமே இருக்கிறது. ஹோட்டலுக்கு வாடகையும் வாங்கிக்கொண்டு, என்னையும் படத்தில் போட்டால்தான் அனுமதி என்று அவர் அடம்பிடித்தார் என்பது பிற்காலத்தில் கொலம்பஸ் சொன்ன கதை. அவர்கள்தான் என்னிடம் வந்து கெஞ்சினார்கள் என்பது 2023-ல் டிரம்ப் சொன்ன கதை. யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு வழியில்லை. முன்னோட்டக் காட்சியில் அவர் திரையில் வந்ததும் ஜனங்கள் ஆரவாரம் செய்தார்களாம். சரி, வெட்ட வேண்டாம் என்று கொலம்பஸ் எடிட்டரிடம் சொன்னாராம். பார்வையாளர் கருத்தை மதித்து நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு திரையுலகம் இதைப் பாடமாக வைக்கலாம்.

அன்றைக்குக் கைதட்டிய அதே ஜனங்கள் பிறகு இரண்டாகப் பிரிந்தார்கள். கனடாவின் அரசுத் தொலைக்காட்சி சிபிசி, விளம்பரத்துக்கு இடம் வேண்டி 2014-லேயே படத்தில் சில காட்சிகளை நறுக்கியிருந்தது. அதில் டிரம்ப் வரும் காட்சியும் போயிருந்தது. ஐந்து வருஷம் கழித்து 2019 கிறிஸ்துமஸில்தான் யாரோ அதைக் கண்டுபிடித்தார்கள். உடனே அரசியல் சதி என்று ஒரே கூப்பாடு. அவர் தேர்தலில் நிற்பதற்கு முன்னாலேயே வெட்டியாகிவிட்டது என்று சிபிசி தேதியோடு விளக்கம் கொடுத்தது. ஆனால் கோபத்தோடு தொலைக்காட்சி பார்ப்பவர்களிடம் தேதியைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கும் வெள்ளை மாளிகையில் இரண்டாம் பாகம் அமைந்தது. அதற்கான பார்வையாளர் கருத்துகள் இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஒரு சின்னத் தகவலை மட்டும் விட மனசில்லை. படம் வெளியான அதே 1992-ல் பிளாசா ஹோட்டல் கடன் தாங்காமல் திவால் மனு போட்டது. அந்த ஹோட்டலின் வரவேற்பு அதிகாரியாக வரும் டிம் கரி, பையன் நீட்டிய கார்டு கோளாறானது என்று படம் முழுக்க அவனைத் துரத்துகிறார். கோளாறு கார்டில் இருந்ததா கல்லாவில் இருந்ததா என்று அவரை யாராவது கேட்டிருக்கலாம்.

அன்று படம் பார்த்த பிள்ளைகள் இன்று பிள்ளை பெற்றவர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் படத்தைப் போட்டுவிட்டு உட்காருகிறார்கள்; ஆனால் பார்க்கிற படம் வேறாகிவிட்டது. பத்து வயதில் கெவினைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள், நாற்பதில் அவனுடைய அப்பாவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். பதினைந்து பேரைப் பண்டிகைக்கு விமானத்தில் கூட்டிப்போகிற அளவுக்கு இந்த மனுஷன் என்னதான் வேலை பார்க்கிறார்? கடைசிக் காட்சியில், அறைக்கு வரவழைத்துச் சாப்பிட்ட ஐஸ்கிரீம் வகையறாக்களுக்கு 967 டாலர் பில்லைப் பார்த்து அவர் அலறும்போது, அன்று பிள்ளைகள் சிரித்தார்கள். இன்று அவர்களும் சேர்ந்து அலறுகிறார்கள்.

அம்மாக்களின் புகார் இன்னும் கூர்மையானது. அந்த வருஷம் நியூயார்க்கில் ஏறக்குறைய இரண்டாயிரம் கொலைகள் நடந்தன. அந்த ஊரில் பத்து வயசுப் பையன் ராத்திரி சென்ட்ரல் பூங்காவில் தனியாகத் திரிகிறான், முன்பின் தெரியாத பெண்மணியோடு கார்னகி ஹாலின் பரணில் போய் உட்கார்ந்து வாழ்க்கைத் தத்துவம் பேசுகிறான். அவனுக்கு வந்த ஒரே ஆபத்து, சிகாகோவிலிருந்து வந்த இரண்டு கோமாளிகள். நியூயார்க் தன் சொந்தத் திருடர்களை அன்று விடுமுறையில் அனுப்பிவிட்டது போலிருக்கிறது. அவன் சுற்றிப்பார்க்கிற இடங்களில் உலக வர்த்தக மையத்தின் மாடியும் ஒன்று. விமான நிலையத்தில் ஊழியர்மேல் மோதி, போர்டிங் பாஸ்களைச் சிதறடித்துவிட்டு ஒரு பையன் தப்பான விமானத்தில் ஏறுவது 1992-ல் நகைச்சுவை. 2001-க்குப் பிறகு பார்ப்பவர்களுக்கு அது மாயாஜாலம்.

இவ்வளவு குறை சொல்லும் ஜனங்களுக்குப் புதிதாக ஏதாவது கொடுத்தால் என்ன என்று ஸ்டுடியோவுக்கும் ஒருநாள் ஞானம் பிறந்தது. 1997-ல் ‘ஹோம் அலோன் 3’ வந்தது. புதுப் பையன், புது வீடு, புதுக் குடும்பம். திருடர்களுக்குப் பதில் பொம்மைக் காருக்குள் ஏவுகணைச் சில்லை ஒளித்துவைத்த சர்வதேசக் கும்பல். விமர்சகர்கள் ஐந்து வருஷமாகக் கேட்டது எல்லாம் இதில் இருந்தது. ரோஜர் ஈபர்ட் மூன்று நட்சத்திரம் கொடுத்தார். முதல் இரண்டு படங்களுக்கும் கொடுத்ததைவிட அதிகம். ஜனங்கள் அமெரிக்காவில் கொடுத்தது சுமார் 3 கோடி டாலர். முதல் படத்துக்கு அவர்கள் கொடுத்தது 28 கோடிக்கு மேல். புதுமைக்கான கூலி இவ்வளவுதான் என்று கணக்குத் தீர்ந்தது.

2002-ல் தொலைக்காட்சிக்காக நான்காவது. இதில் கெவின் உண்டு, கல்கின் இல்லை. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். ஒரு பிள்ளையை இரண்டு கிறிஸ்துமஸ் தொலைத்த தம்பதி பிரிந்துபோவதுதான் இந்தத் தொடரிலேயே யதார்த்தமான ஒரே திருப்பம். ஜனங்களுக்குப் பொறுக்கவில்லை. செங்கல் விழலாம், தலை எரியலாம், அப்பாவும் அம்மாவும் பிரியக் கூடாது. 2012-ல் ஐந்தாவது வந்து, வந்த சுவடு தெரியாமல் போனது. 2021-ல் டிஸ்னி ஒரு மறு அவதாரம் எடுத்தது. அதில் வீடு புகுபவர்கள் கடனில் சொந்த வீடே கைவிட்டுப் போகும் நிலையில் இருக்கிற சாதாரணக் கணவன் மனைவி. பார்த்தவர்கள் அந்தத் தம்பதிக்காகப் பரிதாபப்பட்டு, பணக்காரப் பையனை முறைத்தார்கள். திருடனுக்கும் வீட்டுக் கடன் உண்டு என்று காட்டிவிட்டால், அப்புறம் அவன் முகத்தில் பெயிண்ட் டப்பா அடிக்கும்போது யாருக்குச் சிரிப்பு வரும்?

ஆக, முப்பது வருஷப் பரிசோதனையின் முடிவு தெளிவாகவே இருக்கிறது. ‘அதே படம்’ என்று திட்டு வாங்கிய இரண்டாம் பாகம் ஒவ்வொரு டிசம்பரிலும் முதல் பாகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. ‘வேறு படம்’ என்று ஈபர்ட்டிடம் பாராட்டு வாங்கிய மூன்றாம் பாகத்தைத் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பண்டிகைக்கு வரும் விருந்தாளி போன வருஷம் சொன்ன ஜோக்கையே மறுபடி சொன்னால் நாம் முணுமுணுப்போம். சொல்ல மறந்துவிட்டால், எடுத்துக்கொடுத்துச் சொல்ல வைப்போம். பார்வையாளர் கருத்து என்பதை இந்த இரண்டு வாக்கியத்தில் எதை வைத்து அளப்பது என்று தெரிந்துகொண்ட ஸ்டுடியோ பிழைத்தது. விமர்சனத்தைப் படித்துத் திருந்திய ஸ்டுடியோவுக்குத்தான் கல்லா சுருங்கியது.